ஒற்றைக் குரல்

பவதாரிணி அந்த மாடி அறையைப் பிடித்ததே சத்தத்துக்குப் பயந்துதான். திருமங்கலத்துக்குத் தெற்கே அவள் வீடு ஒரே அறை. அதில் ஐந்து பேர், ஒரு டிவி, போதாததற்கு அப்பா சுடலையைத் தேடி வாசலில் எந்நேரமும் ஒரு குரல். அவளுக்குச் சட்டப் படிப்பில் கடைசி வருடம். முடித்த கையோடு நீதிபதித் தேர்வு எழுத வேண்டும். கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்திலிருந்து ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அதனால் தெற்குவாசல் சந்தில் அறை பார்க்க வந்த அன்றே வீட்டுக்காரம்மா மெஹருன்னிசாவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“பாயம்மா, என்னைய யாரும் கூப்பிடக் கூடாது. படிக்கிறப்ப பேர் சொல்லிக் கூப்பிட்டா அம்புட்டும் மறந்துரும்.”

மெஹருன்னிசா சிரித்தார். மகன் ஜுல்பிகர் மஸ்கட்டில். கீழ்வீட்டில் அவரும் தனிதான். “எனக்குக் கூப்பிடுற பழக்கமே விட்டுப்போச்சும்மா,” என்றார். ஆறு மாதம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெருநாள் பிரியாணியைக்கூட மாடிப்படியில் மூடிவைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார். பவதாரிணிக்கோ, கடையில் பால் கேட்கும்போதுதான் தனக்கும் ஒரு குரல் இருப்பது நினைவுக்கு வரும்.

சித்திரை மாதம், படிப்பு விடுமுறை. ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிவாசலில் மதியப் பாங்கு முடிந்து ஒலிபெருக்கி ‘டொக்’கென்று அடங்கியது. சந்தில் ஈ காக்கை இல்லை. அப்போது படிக்குக் கீழேயிருந்து, “பவா.”

ஒரே தடவை.

எழுந்த கால் பாதியில் நின்றது. அவள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி: உச்சி வேளையில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தடவைக்குத்தான் ஏனென்று கேட்க வேண்டும். மனுசர் என்றால் மூன்று தடவை கூப்பிடுவார்கள். மற்றதுக்கு ஒரு தடவைக்கு மேல் வாய் கிடையாது. காத்திருந்தாள், இரண்டாவது வரவில்லை. பாயம்மாவோ என்று தோன்றியது. ஆறு மாதமாகக் கூப்பிடாதவர் இன்றைக்கா கூப்பிடப் போகிறார்?

புதன்கிழமை, அதே நேரம், அதே குரல். இப்போது பாதிப் படி ஏறிவந்திருந்தது. சாட்சியச் சட்டத்தில் நாற்பதாம் பக்கத்தை ஏழு தடவை வாசித்தாள். ஒரு வரி ஒட்டவில்லை. அம்மா சுந்தரம்மாளுக்குப் போன் போட்டாள்.

“ஒத்தைக் குரலுக்கு வாயத் தொறந்தீன்னா உசுர எடுத்துக் கையில குடுத்த மாதிரிடி. கதவச் சாத்திட்டுக் கெட. இல்லாட்டி மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துரு.”

ஊருக்குப் போனால் தேர்வும் போனது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை அந்தக் குரல் கதவுக்கு அந்தப் பக்கமே கேட்டது. தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றாள். பிறகுதான் விரலை மடக்கி எண்ணினாள். செவ்வாய், புதன், வியாழன். மூன்று.

“ஏன்?” என்றாள். கதவைத் திறந்தாள்.

படியில் வெயில் மட்டும் கிடந்தது. கீழே இறங்கினாள். பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அடுப்படித் தரையில், கவிழ்ந்த தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், மெஹருன்னிசா கால் மடங்கிக் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. மூச்சு இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேச்சு வந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. விமானம் ஏறிவிட்டதாக ஜுல்பிகர் போனில் சொல்லியிருந்தான். பவதாரிணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்று நாளும் தன் காதில் விழுந்ததையும், பயந்துபோய் வராமலிருந்ததையும் ஒப்புக்கொண்டாள்.

மெஹருன்னிசா அவளையே பார்த்தார். “நான் ஒருக்கத்தானம்மா கூப்பிட்டேன். செவ்வாக்கிழமை, விழுந்ததும். அப்பத்தான் உனக்குக் குடுத்த வார்த்தை ஞாபகம் வந்துச்சு, வாய மூடிக்கிட்டேன். பெறகு மயக்கம்தான், ஒண்ணும் தெரியாது.”

சனிக்கிழமை மதியம் கீழ்வீட்டைப் பூட்டிய சாவி, மேசையில் அவள் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான்கு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டும். பாங்கு முடிந்தது. ஒலிபெருக்கி அடங்கியது.

“பவா.”

“வாரேன்,” என்றாள், முதல் தடவைக்கே. எழுந்துபோய்க் கதவை விரியத் திறந்துவைத்தாள். படியில் யாருமில்லை. கதவைச் சாத்தாமலே வந்து உட்கார்ந்தாள்.

நாற்பதாம் பக்கம் ஒரே மூச்சில் ஓடியது.