இணைக்கப்பட்ட மருந்தகம்

எங்கள் ஊரில் இணைப்பு என்பது நல்ல சொல். மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, காஸ் இணைப்பு என்று அந்தச் சொல் எதோடு ஒட்டி வந்தாலும் வீட்டுக்குள் ஏதோ ஒன்று வரும். அதனால்தான் எங்கள் சம்பளத்தில் பிடிக்கும் காப்பீட்டுப் பணத்தில் நடக்கும் தொழிலாளர் மருந்தகத்தின் கதவில், இது பக்கத்து டவுன் மருந்தகத்துடன் இணைக்கப்படுகிறது என்று ஒட்டியிருந்ததைப் பார்த்துத் தெருவே சந்தோஷப்பட்டது. டவுனில் இருக்கும் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் இனி இங்கேயே வந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். கட்சிக்காரர்கள் சிலர் அரசுக்கு நன்றி சொல்லி ஒரு பேனர்கூட வைத்துவிட்டார்கள். டீக்கடை பாய் அன்று வந்தவர்களுக்கெல்லாம் பிஸ்கட் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன்.

மருந்தகத்து கம்பவுண்டர் மட்டும் பிஸ்கட்டைத் தொடவில்லை.

"இன்னா சார், எடுத்துக்கலியா?" என்றார் பாய்.

"இணைக்கறதுன்னா இங்க பூட்டிட்டு அங்க போறது பாய். எல்லார் அட்டையும் அங்க மாத்திட்டாங்க. திங்கக்கெழமையிலேர்ந்து யாரும் இங்க வராதீங்க."

பாய் தட்டை உள்ளே எடுத்துப் போனார். எனக்கு உடனே அக்கா ஞாபகம்தான் வந்தது, அவளுக்கு வலிப்பு நோய்.

நானும் அக்காவும் ஆம்பூர் பக்கம் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தோம். அவள் தையல் மெஷினில், நான் பேக்கிங்கில். அத்தான் செத்துப்போன பிறகு அவள் சம்பளத்தை நம்பித்தான் மகள் காலேஜுக்குப் போனாள். அக்காவுக்கு வலிப்பு இருப்பது கம்பெனியில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் மெஷினில் உட்கார விடமாட்டார்கள். தினமும் மாத்திரை போட்டதால் வருஷக்கணக்காக அவளுக்கு ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தாலும் எங்கள் மருந்தகம் திறந்திருக்கும். கம்பவுண்டர் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே மாத்திரையை எடுத்து வைப்பார்.

அந்த இடத்தை எப்படிச் சாகடித்தார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். முதலில் இருந்த டாக்டர் ரிட்டயர் ஆனார். வேறு ஆள் போடவில்லை. டவுன் டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தார், பிறகு ஒரு நாள், பிறகு வருவார் என்று சொன்னார்கள். நர்ஸ் காண்ட்ராக்ட் முடிந்து போய்விட்டார். டாக்டர் இல்லாத இடத்துக்கு ஜனம் எதற்கு வரும்? கடைசியில் ஆள் வரத்து கம்மி, செலவு ஜாஸ்தி என்று காரணம் சொல்லிப் பூட்டினார்கள். காலை ஒடித்துவிட்டு, நடக்கவில்லையே என்று கட்டிலையும் பிடுங்கிக்கொள்வதற்குப் பெயர் சிக்கனமாம்.

டவுன் மருந்தகம் காலையில்தான். ஜி.எச். ஓ.பி.யும் காலையில்தான். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் லீவு, மருந்தகத்துக்கும் லீவு. ஒரு நாள் நான் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டு அக்காவின் அட்டையோடு போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பேஷன்ட் நேர்ல வரணும்மா. வலிப்பு மாத்திரைய அடுத்தவங்க கையில குடுக்க மாட்டோம்."

அவர் சொன்னதில் தப்பில்லை, எங்களைத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. வெளியில் வாங்கலாம் என்றால், டவுன் கடைகளில் டாக்டர் சீட்டு கேட்டார்கள், எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்போ அக்காவின் சூப்பர்வைசருடைய மச்சான் கடை. அங்கே போய் அந்த மாத்திரையின் பெயரைச் சொல்வதும் கம்பெனி மைக்கில் சொல்வதும் ஒன்றுதான்.

அக்கா கையிருப்பை இழுத்துப் பறித்து ஓட்டினாள். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவதைப் பார்த்துவிட்டுச் சண்டை போட்டேன்.

"லீவு போட்டுட்டுப் போயேன்க்கா."

"சீசன் நேரத்துல லீவு கேட்டா, இன்னா ஏதுன்னு நோண்டுவாங்கடி. ஏத்துமதி முடியட்டும், போறேன். நீ சும்மா பேஜார் பண்ணாத."

ஏற்றுமதி முடியவில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடிக்கச் சற்று முன்பு தையல் லைனில் கூச்சல் கேட்டது. நான் ஓடிப் போனபோது அக்கா தரையில் இழுத்துக்கொண்டு கிடந்தாள். மெஷின் ஊசி விரலில் இறங்கி ரத்தம் வழிந்தது. "இரும்பு குடுங்க, சாவி குடுங்க" என்று கத்தி, ஸ்டோர் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். ஒருவர் தன் செருப்பைக் கழற்றி அவள் மூக்கில் வைத்து அழுத்தினார், தோல் வாடைக்கு வலிப்பு அடங்கும் என்று. காலையிலிருந்து மாலைவரை தோலையே மோந்துகொண்டிருக்கிறவளுக்கு அந்த வைத்தியம். அவர் கையைத் தட்டிவிட்டு அக்காவை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அவள் கண் திறந்ததும் என்னைப் பார்க்கவில்லை. சுற்றி நிற்கிறவர்களைத்தான் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

எச்.ஆர். மேடம் திட்டவில்லை. "உங்க சேஃப்டிக்காகத்தாம்மா சொல்றோம்" என்று மெதுவாகச் சொல்லி ராஜினாமாவில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வேறு கம்பெனிகளிலும் கேட்டுப் பார்த்தோம். எங்களுக்கு முன்னாலேயே சேதி அங்கே போயிருந்தது.

அதன் பிறகு அக்கா டவுன் மருந்தகத்துக்குக் காலை வேளையிலேயே போனாள், யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே பிடித்திருந்த பணத்துக்குச் சில மாதம் மாத்திரை கிடைத்தது. ஒரு நாள் நான் கூடப் போயிருந்தபோது, கவுன்ட்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அட்டை செல்லாதும்மா. இப்ப வேலைல இல்லியா?"

"வலிப்பு வந்திச்சின்னு நிறுத்திட்டாங்கம்மா" என்றாள் அக்கா.

"அப்ப இங்க பாக்க முடியாது. வேலைல இருந்தாத்தான் இங்க. ஜி.எச்.சுக்குப் போங்க. வேலைல இருக்கறப்பவே ஒழுங்கா வந்து மாத்திர வாங்கியிருக்கலாம் இல்ல?"

அக்கா அட்டையை வாங்கி முந்தானையில் துடைத்தாள்.

"லீவு கேக்க பயந்துக்கினுதாம்மா அப்ப வரல" என்றாள். "இப்ப தெனமும் லீவுதான்."

பின்னால் நின்ற ஆளை முன்னே வரச் சொன்னார்கள்.