கேபிளுக்கு வைத்த சந்தனம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வயதாகியும் குறையவில்லை. ஆனால் உத்திரமேரூர் கடைத்தெருவில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் அதைப் பல்லைக் கடித்து விழுங்கத்தான் வேண்டியிருந்தது. கடைத்தெருவுக்குக் கரண்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மதராசில் வெல்டிங் கற்றுக்கொண்டு வந்த என்னை முதலாளி கூப்பிட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். எங்கள் சேரியில் அதுவரை யாரும் வயல் வேலையை விட்டு வேறு வேலைக்குப் போனதில்லை. என் அப்பா அப்போதும் ஒரு பெரிய விவசாயியின் நிலத்தில்தான் உழைத்துக்கொண்டிருந்தார். அந்த விவசாயி முதலாளிக்கு மாமா முறை.

வெள்ளிக்கிழமைதோறும் முதலாளி வெல்டிங் மிஷினுக்குப் பூசை போடுவார். இரும்புப் பெட்டியை ஈரத் துணியால் துடைத்து, முகப்பில் ஒரு பொட்டு வைப்பார். பிறகு, கேபிள் மிஷினோடு சேருகிற பித்தளை போல்ட்டின் மேல் சந்தனத்தை நன்றாகக் குழைத்து அப்புவார். சக்தி வெளியே வருகிற வாசல் அதுதான் என்பது அவர் கணக்கு. கற்பூரம் அணையும் வரை நான் தெருவில் நிற்பேன். நிற்கும்படி யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு நான் ஒட்டியதெல்லாம் உடைய ஆரம்பித்தது. நெருப்பு சீறிக்கொண்டு வரும், திடீரென்று சோர்ந்துபோகும். வெல்டிங் குச்சி இரும்பில் ஒட்டிக்கொண்டு வராது. முதலாளியின் மாமாவுடைய டயர் வண்டி அச்சை ஒட்டிக் கொடுத்தேன். ஏரிக்கரை மேல் நெல் மூட்டைகளோடு உடைந்து விழுந்தது. மறுபடியும் ஒட்டிக் கொடுத்தேன், மறுபடியும் உடைந்தது.

மாமா பட்டறைக்கு வந்தார். நான் ஒருவன் அங்கே நிற்பதாகவே அவருக்குத் தெரியவில்லை.

“மாப்ளே, இவன் கை ராசியில்லாத கை. நாத்து புடுங்குற கைக்கு நெருப்பு வேல வருமா? வயலுக்கு அனுப்பு, அங்க ஆள் இல்லாம பேஜாரா கீது.”

சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, செங்கல்பட்டில் வேறொரு வெல்டிங் ஆளுக்குச் சொல்லி அனுப்பியிருப்பதாகவும், அவன் வரும்வரை வேலையை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் மெதுவாகச் சொன்னார். கத்தித் தொலைத்திருந்தால் தேவலை. மாமாவின் சேற்றில் அப்பாவுக்குப் பக்கத்தில் நானும் குனிந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அதைவிடக் கேவலம், என் கையை நானே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன். யாரும் இல்லாதபோது கையை நீட்டி, நடுங்குகிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

அந்த நாட்களில் பட்டறையில் ஒரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. நான் வெல்டிங் வைக்கும்போதெல்லாம் சந்தன வாசனை கமகமவென்று எழும். அம்பாளே வந்து நிற்கிறாள் என்று முதலாளி கன்னத்தில் போட்டுக்கொள்வார். நானும் பாதி நம்பினேன்.

என் கையைச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒருநாள் உடைசல் இரும்பில் குச்சியை வைத்தேன். வாசனை எழுந்தது. எழுந்த அந்த நேரத்திலேயே நெருப்பு சோர்ந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மிஷினை நிறுத்திவிட்டு வாசனை வந்த இடத்தைத் தொட்டேன். பித்தளை போல்ட் சுட்டது. காய்ந்த சந்தனத்தைச் சுரண்டிவிட்டுக் கேபிளைக் கழற்றினேன். உள்ளே செம்புக் கம்பிகள் களிம்பேறிப் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. மேல் ரப்பரைக் கொஞ்சம் வெட்டிப் பார்த்தேன், பச்சை. இன்னும் வெட்டினேன், அங்கேயும் பச்சை. வாராவாரம் வைத்த ஈரச் சந்தனம், திரியில் எண்ணெய் ஏறுவதுபோலக் கம்பிக்குள் ஏறியிருந்தது. அரித்துப்போன அந்த இணைப்பில் கரண்டு சரியாகப் போகமுடியாமல் சூடாகி, சந்தனத்தை மணக்க வைத்திருக்கிறது. அம்பாளாவது, ஒன்றாவது.

முதலாளி வந்ததும் மரியாதை எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. “என் கையில ஒன்னும் இல்ல மொதலாளி. நீங்க வெச்ச சந்தனம்தான் கேபிளத் தின்னுட்டுக்கீது,” என்றேன்.

அவர் கேபிள் நுனியை வாங்கி விரலால் தேய்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஏறிவிட்டார். அந்த ஆளைக் கையோடு கூட்டிவரத்தான் போகிறார் என்று நினைத்து, பட்டறையில் கிடந்த என் துணிகளை ஒரு பையில் போட்டு வைத்தேன். திரும்பி வந்தவர் தோளில் புதுக் கேபிள் சுருள் கிடந்தது. கூட யாரும் இல்லை.

புதுக் கேபிள் நுனியில் ஈயம் காய்ச்சி ஊற்றிப் பிடிப்பு போட்டு, போல்ட்டைத் துலக்கி முடுக்கினேன். நெருப்பு ஒரே சீராகப் பொரிந்தது. மூன்றாம் முறையாக ஒட்டிய அச்சு, ஏரிக்கரை தாண்டி நெல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மாமா சந்தோஷமாக வந்தார். இப்போதுதான் ராசி திரும்பியிருக்கிறது, என்ன பரிகாரம் செய்தாய் என்று முதலாளியைக் கேட்டார். சிரித்து மழுப்பியிருக்கலாம். முதலாளி மழுப்பவில்லை. பட்டறையில் நாலு பேர் இருந்தார்கள்.

“ராசியும் இல்ல, மண்ணும் இல்ல மாமா. பூச போட்டுக் கேபிளக் கெடுத்தது நான். பழிய அவன் மேல போட்டோம்.”

மாமா கடகடவென்று சிரித்தார். ஆளை விட்டுக்கொடுக்காத பெரிய மனசு உனக்கு என்று முதலாளி முதுகில் தட்டினார். கூட இருந்தவர்களும் தலையாட்டினார்கள். நடந்ததை நடந்தபடி கடைத்தெருவில் சொல்லியும் பழி என்மேலிருந்து இறங்கவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. முதலாளி முகமும் சிவந்துவிட்டது.

“வர்ற வெள்ளிக்கியம நீ வா மாமா,” என்றார். “பூச அவன்தான் போடுவான். எங்க வெக்கணும், எங்க வெக்கக் கூடாதுன்னு அவனுக்குத்தான் தெரியும்.”

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு உள்ளே போனேன். முதலாளி தெருவில், நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றார். பெட்டி முகப்பில் மட்டும் சந்தனம் வைத்துக் கற்பூரம் ஏற்றினேன். தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முதலாளி இரண்டு கையாலும் கற்பூர நெருப்பை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாடு அவிழ்த்துக்கொண்டு போகிறது என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். மாடு கட்டின இடத்தில்தான் நின்றது.

வயலுக்கு அவர் என்னை மறுபடி கூப்பிடவில்லை. சாகும்வரை அவர் வண்டி அச்சும் கலப்பையும் என்னிடம்தான் வந்தன. வேறு யார் ஒட்டினாலும் நிற்காது என்று ஊரெல்லாம் அவரே சொல்லிக்கொண்டிருந்தார். என் கையால் வைத்த வெல்டிங் நெருப்பை வாங்கிக்கொண்டவர், கற்பூர நெருப்பை மட்டும் கடைசிவரை வாங்கவில்லை.