எத்திராஜ் அண்ணன் கத்தியைக் கையில் கொடுக்க மாட்டார்

எத்திராஜ் அண்ணன் தவறிவிட்டார். காலையில் வாட்ஸ்அப்பில் பார்த்தேன்... ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

ஆர்.கே.பேட்டையில் கத்தி செய்கிறவர். இங்கே பலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. எனக்கே இரண்டு வருடப் பழக்கம்தான்.

திருத்தணி மலையடிவாரத்தில் நான் மேனேஜராக இருக்கும் கல்யாண மண்டபத்தில்தான் அறிமுகம். சென்னையிலிருந்து நான்கைந்து பேர் வந்து, கையால் செய்த கத்திகளுக்கு ஒரு எக்ஸிபிஷன் வைக்க ஹால் வேண்டும் என்றார்கள்.

கல்யாணம், காதுகுத்து, கட்சி மீட்டிங் எல்லாம் பார்த்த ஹால். கத்தி ஷோ என்றதும் ஓனர், "போலீஸ் வந்து கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

போலீஸும் வந்தது. ஆளுக்கொரு காய்கறிக் கத்தி வாங்கிக்கொண்டு போனது.

விதவிதமான ஆட்கள். மொட்டை மாடியில் உலை வைத்து ஜப்பான் மாடலில் கத்தி அடிக்கும் ஐடி இளைஞர், ஆந்திரா புத்தூரிலிருந்து வந்து தெலுங்கிலேயே பேரம் பேசும் அண்ணன் தம்பி... இவர்களுக்கு நடுவில் கரும்பு வெட்டும் கத்தியும் அரிவாள்மணையும் பரப்பிக்கொண்டு எத்திராஜ் அண்ணன். பக்கத்தில் அவர் மனைவி.

அவரிடம் ஒரு பிடிவாதம். கத்தியை யார் கையிலும் கொடுக்க மாட்டார். மேஜையில் வைப்பார், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பது நம் எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். நாம் பாதி நாள் மறந்துவிடுவோம். நான் பார்த்தவரை அவர் மறந்ததே இல்லை.

யூடியூப் சேனல் வைத்திருக்கும் ஒரு பெண் கேமராவை ஆன் செய்துவிட்டு, கையை நீட்டியபடி நின்றார். இவர் அசையவில்லை.

"அண்ணா, கையில குடுங்க. ஷாட் நல்லா இருக்கும்."

"நல்லாத்தான் இருக்கும்மா. அப்பறம் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் மூஞ்சியத் திருப்பிகினு போவணும். எதுக்கு?"

மதியம் என் ரூமுக்கு வந்தார். தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம், ஹால் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றேன்.

"மண்டபம் கெடச்சிடும்ங்க. தாய்மாமன்தான் கெடைக்க மாட்டான் போலக்கீது."

ஜன்னல் வழியாக எதிர் வரிசை ஸ்டாலைக் காட்டினார். முனிரத்தினம். எத்திராஜ் அண்ணன் மனைவியின் கூடப்பிறந்த தம்பி, அவரும் கத்திதான் செய்கிறார். ஒரே ஊர்க்காரர்கள், துணையாக இருக்கட்டும் என்று சென்னைக்காரர்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே போட்டுவிட்டார்கள். இவர்களுக்குள் பல வருடமாகப் பேச்சே கிடையாது.

என்ன சண்டை என்று கேட்டேன்.

"அவசரத்துல ஒரு நாள் கத்திய அவன் கையில குடுத்துட்டேங்க."

"அது சரி... சண்டை எதுக்கு வந்துச்சு?"

"ஆங், அதான் சொல்றேனே. கையில குடுத்துட்டேன்."

இதற்கு மேல் என்ன கேட்பது.

அவர் மனைவி தம்பி வீட்டு வாசலை மிதித்தே வருடங்கள் ஆகிறதாம். தாய்மாமன் இல்லாமல் பெண்ணை எப்படி மணையில் உட்கார வைப்பது என்று வீட்டில் தினமும் அழுகையாம். பிறகு என்னிடம் ஒரு கேள்வி.

"கையில குடுத்தா சண்ட வரும். செரி. ஏற்கெனவே சண்டையில இருக்கறவன் கையில குடுத்தா இன்னாங்க ஆவும்?"

பதில் தெரிந்தவர்கள் கமென்ட்டில் சொல்லலாம்.

எழுந்து போனார். தன் ஸ்டாலில் இருந்ததிலேயே நல்ல கத்தியாக ஒன்றை எடுத்தார். நேராக எதிர் ஸ்டாலுக்குப் போய், பிடி முனிரத்தினம் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

அண்ணன் மனைவி எழுந்து நின்றுவிட்டார். புத்தூர்க்காரர்கள் பேரத்தை நிறுத்தினார்கள். ஒருவன் கத்தியோடு இன்னொருவனிடம் போனால் யார்தான் பார்க்க மாட்டார்கள்... நான் ஓனரை நினைத்துக்கொண்டேன்.

முனிரத்தினம் கத்தியைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. கையையும் நீட்டவில்லை.

அண்ணன் அசிங்கப்பட்டுத் திரும்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"கீழ வை பாவா" என்றார் முனிரத்தினம்.

அண்ணன் அப்படியே நின்றார்.

"கீழ வை, எடுத்துக்கறேன். மறுபடியும் சண்ட வந்துடப்போவுது."

வைத்தார். முனிரத்தினம் எடுத்துக்கொண்டார். அண்ணன் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் எல்லாருக்கும் டீ சொன்னேன்.

தை மாதம் அதே ஹாலில் கல்யாணம். முனிரத்தினம் சீர்த்தட்டோடு முதல் ஆளாக வந்து நின்றார். பந்தியில் சாம்பார் வர லேட் என்று என்னிடம் மல்லுக்கும் நின்றார்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஒரே பட்டறை, ஒரே ஸ்டால்.

இன்று முனிரத்தினத்துக்குப் போன் செய்தேன். எப்படி ஆச்சு, எப்போது எடுக்கிறார்கள் என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். அவரும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு...

"நேத்துகூட எங்களுக்குள்ள தகராறுங்க. வேலூரு ஷோவுக்கு பஸ்ல போலாம்ன்றாரு. கத்தி மூட்டையோட எந்த கண்டக்டருங்க ஏத்துவான்? குட்டியானை வண்டி வெச்சிகினு போலாம்னு நானு. காலைல பேசிக்கலாம்டான்னு எழுந்து பூட்டாரு."

அவரே தொடர்ந்து கேட்டார்.

"மிச்ச சண்டைய யாருகிட்ட போட்றதுங்க?"

சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், எத்திராஜ் அண்ணா.