பிள்ளையள் சனல் தந்த டச்சு

வெயிலில் காய்ந்த புல்லின் மணமும் புதுக் கார்பெட்டின் பசை மணமும் கலந்து மூக்கை அரித்த ஒரு கோடையில், 2009ஆம் ஆண்டின் கடைசியில், நாங்கள் நெதர்லாந்தை விட்டு அவுஸ்திரேலியாவில் மெல்பேர்னுக்கு வடக்கே கிரெய்கிபர்னுக்குக் குடிவந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போன அப்பாவுக்கு நெதர்லாந்தில் குடியுரிமையும் வேலையும் கிடைத்திருந்தன. ஆனாலும் பெரியப்பா மெல்பேர்னில் இருந்ததால், "இனியாவது சொந்தத்தோடை இருப்பம்" என்று சொல்லி எங்களைக் கூட்டிவந்துவிட்டார். எனக்கு அப்போது பதினொரு வயது, தங்கை தாரணிக்கு ஐந்து.

தாரணியின் வாயில் டச்சு மட்டுந்தான் இருந்தது. அம்மா தமிழில் கேட்பதெல்லாம் அவளுக்கு விளங்கும், பதில் டச்சில் வரும். அந்த மொழியை அவளுக்குக் கொடுத்தது ஒரு சிறுவர் தொலைக்காட்சி. அதன் சொந்தப் பெயர் என்னவாக இருந்தாலும் எங்கள் வீட்டில் அது "பிள்ளையள் சனல்"தான். அப்பா அந்த நாட்டுக்குப் போன புதிதில் அது வேறொரு சனலின் இடத்தை இரவல் வாங்கிப் பகலில் கொஞ்ச நேரம் ஓடியதாம். நாங்கள் பார்க்கத் தொடங்கியபோது விடியற்காலையிலிருந்து பொழுதுபடும்வரை வளர்ந்திருந்தது. ஆனாலும் முழு இடமும் அதற்குக் கிடைக்கவேயில்லை. இரவுச் சாப்பாடு முடிய அதே இலக்கத்தில் பெரியவர்களின் படங்கள் தொடங்கிவிடும். "சனல் படுத்திட்டுது, நீங்களும் படுங்கோ" என்பார் அம்மா. இடையில் அதற்கு இரண்டு முறை பெயர் மாறியது. பெரும்பாலும் டச்சுக் குரல் கொடுத்த வெளிநாட்டுக் கார்ட்டூன்கள்தான். ஆனால் உயரமான ஒரு பெண் பிள்ளைகளோடு குசினியில் நின்று சமைக்கும் நிகழ்ச்சியும் ஒன்று இருந்தது. அம்மா சந்தையில் பேசிய டச்சில் பாதி அந்தப் பெண்ணிடம் எடுத்ததுதான்.

மெல்பேர்னில் பள்ளிக்கூடம் தொடங்கியதும் தாரணி பேச்சை நிறுத்திவிட்டாள். வகுப்பில் ஒரு சொல்கூட வரவில்லை. காதைச் சோதிக்கச் சொன்னார்கள்; காதில் குறையில்லை. அந்த நேரம் பார்த்து அப்பாவின் சிநேகிதர் சந்திரன் அங்கிள், பிள்ளைகள் ஏங்கிப்போவார்கள் என்று, பிள்ளையள் சனலைப் பதிவுசெய்த டிவிடிக்களை நெதர்லாந்திலிருந்து அனுப்பிவைத்தார். அம்மா அவற்றை அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டார். "இதைப் பாத்துத்தான் பிள்ளை வேறை பாசை கதைக்குதில்லை. இனி இந்த வீட்டிலை டச்சு வேண்டாம்." அதன்பிறகு வீட்டிலும் தாரணியின் சத்தம் குறைந்தது. என்னோடு மட்டும், அதுவும் காதோடு காதாக, ஏதாவது சொல்வாள்.

பக்கத்து வீட்டில் ஒரு முதியவரும் அவருடைய மகளும் இருந்தார்கள். தலையாட்டுவதற்கு மேல் எங்களுக்குள் பழக்கமில்லை. ஒரு மாலை நானும் தாரணியும் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் அவர் மகளின் கையைப் பிடித்து உலுப்பியபடி ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பக் கத்தினார். "ஸ்டாப் இட், டாட்!" என்று மகள் அழுதுகொண்டிருந்தார். முதியவர் கத்தியது டச்சு. எனக்குத் தெளிவாக விளங்கியது. ஆனால் பெரியவர்களின் சண்டையில் தலையிடப் பயந்து உடுப்புகளை எடுத்துக்கொண்டே நின்றேன். தாரணி உடுப்புகளைக் கீழே போட்டுவிட்டு வேலியடிக்குப் போனாள்.

"ஹீ இஸ் ஆஸ்கிங், டிட் யூ ஈட்?"

அதுதான் அவள் பேசிய முதல் ஆங்கில வசனம். மகள் சாப்பிட்டாளா என்றுதான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் வராதபடியால் சத்தத்தைக் கூட்டிக்கூட்டிக் கேட்டார். மகள் இல்லையென்று தலையாட்ட, தாரணி அவர் பக்கம் திரும்பி, "இன்னும் இல்லை, இனித்தான் சாப்பிடுவா" என்று டச்சில் சொன்னாள். அவர் கையை விட்டார். தாரணியின் குரல் கேட்டு ஓடிவந்த அம்மா, விறாந்தையிலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அன்றிரவு அம்மா இடியப்பமும் சொதியும் கொண்டுபோனார். அந்த முதியவரின் பெயர் யான் என்பதும், இளவயதில் நெதர்லாந்திலிருந்து கப்பலில் வந்தவர் என்பதும் அப்போதுதான் தெரிந்தன. மகள் மார்கிரட் அன்ரியை ஆங்கிலம் மட்டும் பேசவைத்தே வளர்த்தாராம். இப்போது மறதி நோய் அவருடைய ஆங்கிலத்தைத் தின்றுவிட்டது. மகளுக்கு டச்சு தெரியாது.

டிவிடிக்கள் அலுமாரியிலிருந்து இறங்கின. பள்ளிக்கூடம் விட்டதும் யான் அங்கிள் வீட்டுக் கதிரையில் அவரும் தாரணியும் ஒட்டி உட்கார்ந்து பிள்ளையள் சனல் பார்ப்பார்கள். அவர் என்ன சொல்கிறார் என்று மார்கிரட் அன்ரி கேட்கக் கேட்க, சொல்லிச் சொல்லியே தாரணிக்கு ஆங்கிலம் வந்தது. அன்ரிக்கு டச்சு வந்தது. ஒருநாள் அன்ரியே தட்டை நீட்டி, "ஹெப் யே அல் கெகேத்தன்?" என்று கேட்டார். சாப்பிட்டீங்களா என்று அர்த்தம். யான் அங்கிள் தனக்குப் பக்கத்திலிருந்த கதிரையைத் தட்டிக் காட்டினார்.

ஒன்றிரண்டு வருடம் கழித்துச் சந்திரன் அங்கிள் போன் எடுத்தார். "சனலை நிப்பாட்டிப் போட்டாங்கள். இனி அனுப்ப ஒண்டுமில்லை." இருந்ததையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், யான் அங்கிளுக்கு ஒவ்வொரு முறையும் அது புதிதாகவே இருந்தது. 2013 குளிர்காலத்தில் அவர் போய்ச்சேர்ந்தார்.

இப்போது இணையத்தில் தேடினால் அந்தச் சனலின் மங்கலான சில துண்டுகள்தான் கிடைக்கின்றன. சமையல் பெண்ணை எங்கும் காணவில்லை. எங்கள் டச்சும் மெல்ல மெல்ல எங்களை விட்டுப் போய்விட்டது. போன மாதம் மார்கிரட் அன்ரி முதன்முறையாக நெதர்லாந்து போய், தகப்பனின் கடைசித் தங்கையைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து வீடியோவில் அழைத்தார். இரண்டு பெண்களும் டச்சில் ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"வட் டிட் ஷீ சே, அன்ரி?" என்று தாரணி கேட்டாள். மார்கிரட் அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, அவளுக்கு ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார்.