இறங்காமல் எடுத்த படம்

இப்போதெல்லாம் கைபேசியில் எதையாவது எழுதத் தொடங்கினால் பாதியிலேயே நிறுத்தி, அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன். கொல்லைக்குப் போய்க் கொடியில் கிடக்கும் துணியைத் தொட்டுப் பார்க்கிறேன். காய்ந்திருக்காது. ஐந்து நிமிஷம் முன்னால்தான் தொட்டுப் பார்த்திருப்பேன். திரும்பி வந்து மறுபடியும் கைபேசியை எடுக்கிறேன். "ஒண்ணு போடு, இல்ல விடு. பூன குட்டிய தூக்கிட்டு அலையற மாதிரி ஏன் அலையற?" என்கிறார் வீட்டுக்காரர். அவருக்கு என்ன, ராத்திரி எட்டு மணிக்குப் படுத்தால் காலை ஐந்து மணிக்குத்தான் புரண்டு படுப்பார்.

இந்த அலைச்சல் எனக்கு ஒரு மழைக்காலத்தில் வந்தது. அப்போது நான் ஒரு நாளிதழுக்குத் தாலுக்கா நிருபர். மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள கிராமங்கள் என் பங்கு. ஸ்கூட்டரை நிறுத்தினால் "நிருபரம்மா வந்துட்டாங்க" என்று நாற்காலி போடுவார்கள். தஞ்சாவூரில் இருந்த எங்கள் தலைமை நிருபர் எந்தச் செய்தி கொடுத்தாலும் மூன்று கேள்வி கேட்பார். யார் சொன்னது? நேரில் பார்த்தீர்களா? எதிர்த்தரப்பிடம் கேட்டீர்களா? கோயில் யானை குளித்தது என்று எழுதினாலும் இதே மூன்று கேள்விதான். "யானைகிட்டயும் கேட்டுட்டேன் சார், ஆமாங்குது" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இந்த மூன்று கேள்வியும் இல்லாத இடம் ஒன்று எனக்கு இருந்தது. சமூக வலைத்தளத்தில் என் சொந்தப் பக்கம். பகலெல்லாம் அடக்கி வைத்ததை மாலையில் அங்கே கொட்டுவேன். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. கோபத்தில் எழுதினால் எனக்கு நன்றாக எழுத வரும், அதுதான் வினை. "அக்கா, சாட்டையடி!" என்று பத்துப் பேர் எழுதுவார்கள். அடுத்த நாள் பதினோராவது ஆளுக்காக மனசு ஏங்கும். "உங்க கருத்த உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்கம்மா. ஊருக்குச் செய்தி மட்டும் சொல்லுங்க" என்று தலைமை நிருபர் இரண்டு தடவை சொன்னார். பொறாமைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கார்த்திகையில் ஒரு வாரம் விடாமல் மழை. இரண்டாம் போக நெல்லான தாளடி நட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வேர் பிடிப்பதற்குள் இளம்பயிர் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. வெள்ளம் வடிந்ததும் நிவாரணத்துக்குச் சேதக் கணக்கெடுப்பு என்று அறிவித்தார்கள். அன்று ஒரு டீக்கடையில், வயலை மனைக்கட்டாக்கி முள்கம்பி போட்டிருந்த ஒரு பெரிய மனிதர், "நானும் பேரு கொடுத்துட்டேன். நட்டா என்ன, நடாட்டி என்ன, தண்ணி நின்னுச்சுல்ல?" என்று சொல்லிச் சிரித்தார். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த எரிச்சலோடு ஸ்கூட்டரில் வரும்போது சாலையோரம் ஒரு வயலைப் பார்த்தேன். வரப்பில் சாய்ந்த பனைமரம், பக்கத்தில் டிரான்ஸ்பார்மர். வயலில் கணுக்கால் அளவு கலங்கல் தண்ணீர், மேலே பாசி. ஒரு பயிர் இல்லை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, வண்டியிலிருந்து இறங்காமலே படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஈரத்தலையோடு எழுதினேன்: "நடாத வயலுக்கும் நிவாரணமா? பொய் சொல்லி வாங்கினா அந்தச் சோறு தொண்டையில எறங்குமா?" படத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டுத்தான் தலையைத் துவட்டினேன். கேட்டது ஒருவர் வாயில். படம் பிடித்தது யாருடைய வயல் என்றே எனக்குத் தெரியாது.

ஊர்க் குழுக்களில் எல்லாம் அது சுற்றியது. நான் எழுதிய எந்தச் செய்தியும் அப்படிச் சுற்றியதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாள் கழித்து விவசாயிகள் குறைதீர் கூட்டம். பத்திரிகைக்காரர்களுக்குச் சுவர் ஓரமாக ஒரு வரிசை. நான் நோட்டைப் பிரித்து உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண் மனுவோடு எழுந்தார். கோயில் நிலம் குத்தகைக்குச் செய்கிறவர், கணவர் வெளிநாட்டில் கட்டட வேலையில் இருக்கிறார். தாளடி நட்டது முழுக்க அழுகிவிட்டது, கணக்கெடுக்க வந்தவர்கள் 'நடவு இல்லை' என்று எழுதிவிட்டார்கள், நிவாரணம் இல்லாவிட்டால் குத்தகையை விட்டுவிட வேண்டியதுதான் என்று சொன்னார். மழை முந்திக்கொண்டதால் கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலிலும் அந்தப் பயிர் ஏறவில்லை.

கூட்டத்தை நடத்திய அதிகாரி தன் கைபேசியை எடுத்தார். "பனமரம், டிரான்ஸ்பார்மர். இதானம்மா ஒங்க வயலு?" என்று திரையைக் காட்டினார். "ஒங்க ஊரு நிருபரே போட்டிருக்காங்க, நடாத வயலுன்னு. நாங்க சொல்லலம்மா, அவங்க சொல்றாங்க."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அந்தப் பெண் சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்தார். அதில் பெண் நான் ஒருத்திதான். நான் தலையைக் குனிந்து நோட்டில் என்னவோ எழுதினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வெறும் கோடுகள்தான் இருந்தன. அன்று அனுப்பிய செய்தியில் உரத் தட்டுப்பாடு இருந்தது, வாய்க்கால் தூர் வாராதது இருந்தது, அவர் மட்டும் இல்லை.

மழை பெய்தால் எங்கள் பக்கம் ஊர் முழுக்கத் தவளைச் சத்தம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கெட்டால் தவளையோடு போயிற்று. என் வாயால் கெட்டது வேறொருத்தி.

பதிவை அன்றைக்கே நீக்கினேன். என்ன பிரயோஜனம்? ஸ்கிரீன்ஷாட் ஊரெல்லாம் இருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் நான் எழுதிய அந்தச் சோறும் தொண்டையும் ஞாபகம் வந்தது. ஒருவேளை நிஜமாகவே நடாத வயலாக இருக்கலாம் என்று காலையில் தேற்றிக்கொள்வேன். பன்னிரண்டு நாள் பயிர் அழுகினால் மேலே ஒன்றும் தெரியாது, விவசாயி வீட்டில் பிறந்த உனக்கு இது தெரியாதா என்று மதியம் மனசு குத்தும். போய்ப் பார்த்தால் தீர்ந்தது. நாலு கிலோமீட்டர். மார்கழியில் மூன்று வாரத்துக்கு மேல் அந்தச் சாலையை விட்டு வேறு வழியாகச் சுற்றிப் போனேன். பயம்தான், வேறென்ன.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது போனேன். வயல் உழுதிருந்தது. உளுந்து தெளிக்கத் தயாராக இருந்தது. பனைமரத்துக்குக் கீழே ஒரு மூலை மட்டும், நாலு பாய் சேர்த்து விரித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு, உழாமல் கிடந்தது. அந்தப் பெண் வரப்பில் நின்று புல் அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்தார்.

"அக்கா, நான்தான்..." என்றேன்.

"தெரியும். வா."

திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. "டிராக்டர்காரன் கேட்டான், இத ஏன் வுடுறன்னு. இருக்கட்டும்னு சொன்னேன். ஆபீசருங்க வரமாட்டாங்க, அது எனக்குத் தெரியும். போட்டோ எடுத்தவ ஒரு நாளாச்சும் பாக்க வருவால்லன்னுதான் வுட்டேன்" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். மேலே வெடிக்கத் தொடங்கியிருந்த சேறு உள்ளே ஈரமாகத்தான் இருந்தது. கையை விட்டேன். விரலில் ஒரு நெல் தூர் தட்டியது. இழுத்தால் கறுத்து, நாறி, வேரோடு வந்தது. ஒரு சாண் தள்ளி அடுத்தது. அதற்கு நேராக இன்னொன்று. வரிசை பிசகவில்லை. எத்தனை பிடுங்கினேன் என்று தெரியாது. அவர்தான், "போதும், எந்திரி" என்றார்.

அங்கிருந்தே தலைமை நிருபருக்குப் போன் செய்தேன். மறுப்புப் போடச் சொன்னேன்.

"பேப்பர்ல வராததுக்குப் பேப்பர் எப்புடிம்மா மறுப்புப் போடும்?"

"அப்ப இந்த வயலப் பத்தி நானே செய்தியா எழுதறேன் சார்."

"நீங்க எழுதினா அது இனிமே செய்தி இல்லம்மா. நீங்களே அதுல ஒரு தரப்பு." பிறகு கேட்டார்: "ஒரே ஒரு கேள்வி. படம் எடுக்கறப்ப யார் வயலுன்னு கேட்டீங்களா?"

அவருடைய மூன்று கேள்விகளின் இன்னொரு வடிவம்தான். செய்தியாக எழுதியிருந்தால் கேட்காமல் விட்டிருப்பேனா? இந்த மூலை வரை வந்து, சேற்றில் கை விட்டிருப்பேன். என் கருத்துதானே என்று நினைத்ததால் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. அன்று அழுதேன். அக்கா வாய்க்காலில் கை கழுவச் சொல்லி, முந்தானையைத் துடைக்கக் கொடுத்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

தை மாதக் கூட்டத்தில் நான் சுவர் ஓர வரிசையில் உட்காரவில்லை. மனு கொடுப்பவர்களோடு போய் நின்றேன். எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். என் முறை வந்தது.

"நீங்க பிரஸ்தானே? கூட்டம் முடிஞ்சதும் கேளுங்க" என்றார் அதிகாரி.

"மனு குடுக்க வந்திருக்கேன் சார்." அந்த அக்காவின் வயல் சர்வே எண்ணைச் சொன்னேன். நான் போட்ட படம் தவறு, விசாரிக்காமல் போட்டது, அங்கே நடவு இருந்தது, தூர் இன்னும் மண்ணில் இருக்கிறது என்றேன். நின்று பேசுவது எனக்குப் புதிது. நாற்காலியில் உட்கார்ந்து பிறர் பேசுவதை எழுதியே பழக்கம்.

அவர் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் கேட்டார். "அன்னைக்கு இல்லன்னு சொன்னதும் நீங்கதான். இன்னைக்கு இருக்குன்னு சொல்றதும் நீங்கதான். நாங்க எதம்மா நம்பறது?"

"ரெண்டையும் நம்பாதீங்க சார். வந்து வயல்ல எறங்கிப் பாருங்க. அந்தம்மா ஒரு மூலைய உழாம வெச்சிருக்காங்க."

மனுவின் ஓரத்தில் என்னவோ எழுதி மற்ற மனுக்களின் கட்டோடு வைத்தார். ஆள் அனுப்புகிறேன் என்றார். மறுநாள் மற்ற நாளிதழ்களில் நானே செய்தியாக வந்தேன். தலைமை நிருபர் தாலுக்காவை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, "கொஞ்ச நாள் ஆன்மிகம் பாருங்கம்மா" என்றார். அன்றிலிருந்து கும்பாபிஷேகமும் தேரோட்டமும் எழுதுகிறேன். அதில் யாரும் என்னோடு சண்டைக்கு வருவதில்லை.

அக்காவுக்கு வாரம் ஒருமுறை போன் செய்வேன். "யாராச்சும் வந்தாங்களாக்கா?" "இன்னும் இல்ல." "அந்த மூலைய இன்னும் உழலியாக்கா?" "நீதான் சொல்லியிருக்கியே வருவாங்கன்னு. இருக்கட்டும்."

மாசியில் ஒரு தேரோட்டத்துக்குப் போகும் வழியில் அந்த வயலில் நிறுத்தினேன். உளுந்து பூத்திருந்தது. பனைமரத்தடி மூலை மட்டும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கை விட்டுப் பார்த்தேன். தூர் எல்லாம் மக்கி மண்ணோடு மண்ணாகிவிட்டது. அக்காவின் பெயர் இல்லாமலே நிவாரணப் பட்டியல் மேலே போயாகிவிட்டது என்று முந்தின நாள்தான் தாலுக்கா ஆபீசில் அவரிடம் சொல்லியிருந்தார்கள். குத்தகையை இந்த உளுந்தோடு விடப்போகிறார்.

அவர் வரப்பில் நின்று என்னையும் அந்த மூலையையும் பார்த்தார்.

"இப்ப எடுத்துக்க தங்கச்சி போட்டோவ," என்றார். "இப்ப நெசமாவே நடாத வயலுதான்."

கைபேசி என் கையில்தான் இருந்தது. அதைப் பையில் போட்டுவிட்டு அந்த மூலையிலேயே நின்றேன்.