வத்தத்துத் தண்ணீர்

எங்கள் மாத்தூர் வீட்டு அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறது. மேலே தெளிந்த தண்ணீர், அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல். மேலே ஒட்டிய சீட்டில் இடம் என்ற கட்டத்தில் ‘எண்ணூர் முகத்துவாரம்’ என்று என் கையெழுத்து. நேரம் என்ற கட்டம் காலி. பாட்டிலை நிரப்பித் தந்தவர் நெட்டுக்குப்பத்துப் படகுக்கார அண்ணன்.

நான் அப்போது தண்ணீர் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை பார்த்தேன். ஓர் ஆலையின் சாம்பல் ஆற்றில் கலந்து இறாலெல்லாம் சாகிறது என்று குப்பத்தார் புகார் கொடுத்திருந்தார்கள். உண்மையா இல்லையா என்று எங்கள் கூடம் சொல்ல வேண்டும். தேதி, நேரம் எல்லாம் அதிகாரி குறித்துத் தருவார். அண்ணனின் படகில் போய் நான் தண்ணீர் எடுத்துவருவேன். எனக்குச் சந்தேகம் உடம்போடு பிறந்தது, பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவன். நான் பாட்டிலை மூடியதும் அவர் படகு எஞ்சின் நின்றுவிடும். இரண்டு தடவை சத்தம் போட்டுவிட்டு வேறு படகில் கரையேறினேன். இந்த ஆளை ஆலைக்காரர்கள் வளைத்துப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

மூன்றாவது தடவை வேறு படகு கிடைக்கவில்லை. “எஞ்சினு மக்கர் பண்ணுது சார்” என்று சொல்லிவிட்டு, எஞ்சினைத் தொடாமலே பீடி பற்றவைத்தார். பிறகு என்னையே உற்றுப் பார்த்தார்.

“அது இன்னா சார், கரீட்டா கடல் ஏறுற ஏத்தத்துலயே வந்து நிக்கிற? நாள் பாத்து அனுப்புறாங்களா? ஏத்தத்துல மொண்டா கடல் தண்ணிதான் வரும். வத்தம் வரட்டும், அப்ப பாரு.”

எனக்குச் சுருக்கென்றது. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கடல் தண்ணீர் வடிய வடிய, மேலிருந்து ஆறு சாம்பல் நிறத்தில் இறங்கி வந்தது. மடவை மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. கூழைக்கடாக்கள்கூட அவற்றைக் கொத்தாமல் தள்ளியே நின்றன. மார்பளவுத் தண்ணீரில் சேற்றைத் தடவி இறால் தேடிக்கொண்டிருந்த அண்ணனின் மனைவி, பல்லில் கூடையைக் கவ்வியிருந்ததால் பேச முடியாமல், கையை மட்டும் தூக்கிக் காட்டினார். முழங்கை வரை சாம்பல்.

“அத்த கொட்டிட்டு இத்த எடுத்துகினு போ” என்று அண்ணன் இன்னொரு பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார். இடத்தை எழுதினேன். நேரம் எழுதப் போனபோது, அதிகாரி குறித்த நேரம் இது இல்லையே என்று பேனா நின்றது. கூடத்தில் நான் கொடுத்தது ஏத்தத்துத் தண்ணீரைத்தான். சாம்பல் இல்லை என்று அறிக்கை போனது. பழைய தேதிகளை ஒவ்வொன்றாக ஓத நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாமே ஏத்தம். யாரையும் கேட்கவில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்தேன்.

அடுத்த முறை எஞ்சின் நிற்கவில்லை. “நம்ம தண்ணி இன்னா சொல்லிச்சி சார்?” என்று கேட்டார்.

“சோதனையில் இருக்கு அண்ணே” என்றேன்.

அத்தனை நாள் என்னைச் சந்தேகப்பட்ட மனிதர் அதை மட்டும் அப்படியே நம்பினார்.

பாட்டிலைச் சாமி படத்தருகே வைத்தது என் மனைவி. வீட்டுக்கு வருகிறவர்கள் கங்கைத் தண்ணீரா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.