பசறைத் தேயிலை மேல் நாலடிக் கம்பி

உயரம் என்றால் எனக்குத் தலை சுற்றும். வகுப்பறைச் சுவர்க் கடிகாரத்துக்கு பற்றரி மாற்றக்கூட வேறு ஆளைத்தான் நாற்காலியில் ஏற்றுவேன். அப்படிப்பட்ட நான், தோற்றால் பண்டாரவளையில் ரம்ஸி நானாவின் கூரை மேல் நிற்கும் நாற்பதடி இரும்புக் கோபுரத்தில் ஏறி, துரு சுரண்டி, பெயின்ட் அடிப்பதாகப் பந்தயம் கட்டிவிட்டேன். போன மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் பசறைக்குப் போனது அதிலிருந்து தப்பிக்கத்தான்.

ரம்ஸி நானா ஹாட்வெயார் கடைக்காரர். நான் பதுளையில் விஞ்ஞான ஆசிரியர். இரண்டு பேருக்கும் அமெச்சூர் ரேடியோ அனுமதிப்பத்திரம் இருக்கிறது. அதாவது, உலகத்தில் முன்பின் தெரியாதவர்களோடு ரேடியோவில் பேசிவிட்டு, வீட்டில் இருப்பவர்களிடம் பேச நேரமில்லை என்று சொல்லும் உரிமை. அவருடைய கோபுரத்தின் உச்சியில் பெரிய அன்டெனா சுழலும். அடிப்பகுதியில் அவர் மனைவி மிளகாய்ச் சாக்கு காயப்போடுகிறார் என்று கேள்வி. நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்.

என்னிடம் இருப்பது மடக்கினால் குடைப் பைக்குள் அடங்கும் கம்பி அன்டெனா. நீட்டினால் நாலடி, அடியில் ஒரு செப்புச் சுருள். ரேடியோவின் சக்தி ஐந்து வாட். அதைப் பார்த்துவிட்டுத்தான் நானா சொன்னார்: "மாஸ்டர், நான் செல்றேன் கேளுங்க. ஒங்கட இந்தக் கம்பி பசறைச் சந்தியையே தாண்டாது."

பசறையிலிருந்தே நாட்டுக்கு வெளியே பேசிக் காட்டுகிறேன் என்றேன். நாக்குக்கு பிரேக் இல்லாத பிறவி. நிபந்தனைகள் இவை: பசறை வரை பஸ்ஸில் போக வேண்டும், சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் ஒரு வெளிநாட்டுத் தொடர்பு கிடைக்க வேண்டும், அதற்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும். தோற்றால் நான் கோபுரம் ஏறுவேன். ஜெயித்தால் நானா காரை வீட்டில் விட்டுவிட்டு, என் பையைச் சுமந்துகொண்டு என்னோடு பசறைக்குப் பஸ்ஸில் வருவார்.

பதுளையிலிருந்து 6.15 பஸ். பசறைக்கு ஏறத்தாழ இருபது கிலோமீற்றர், ஐம்பது நிமிடம், கட்டணம் 100 ரூபாய். வளைவுகளை எண்ணத் தொடங்கினேன். இருபத்தெட்டோடு நிறுத்தி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டவுனில் பராட்டாவும் பருப்பும். அங்கிருந்து ஐந்து கிலோமீற்றர் மேலே தோட்டத்துக்கு ஓட்டோ, 700 ரூபாய். ஓட்டோக்காரத் தம்பி என் குடைப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"டவர் போடவா வந்திருக்கீங்க? எங்க லயத்து வீட்டுல போன் பேசணும்னா தண்ணித் தாங்கி மேலதான் ஏறணும்."

"இல்லப்பா, இது வேற."

"எலெக்ஷனுக்கு முன்னால ஒருத்தர் வந்தாரு. அவரும் கேட்டப்ப எல்லாம் இது வேறன்னுதான் சொன்னாரு."

தோட்ட அலுவலகத்தில் முந்திய வாரமே அனுமதி கேட்டிருந்தேன். பெரிய கிளாக்கர் காட்டிவிட்ட இடம் நல்ல சரிவு, கிழக்குப் பக்கம் முழுக்கத் திறந்த வானம். 8.40க்கு ஒரு கல்லின் மேல் கம்பியை நிறுத்தினேன். இந்த வகைக் குட்டிக் கம்பி தனியாக வேலை செய்யாது. அதன் அடியிலிருந்து நாலா பக்கமும் தரைக்கம்பிகள் விரிக்க வேண்டும். நான் நான்கு வயர்களை, ஒவ்வொன்றும் பதினொன்றரை அடி, தரையில் நட்சத்திரம் போல அழகாக விரித்தேன். படமும் எடுத்தேன். இரண்டு வயர் நடைபாதைக்குக் குறுக்கே கிடந்ததைக் கவனிக்கவில்லை.

ரேடியோவில் ஒரு முள் இருக்கிறது. நாம் அனுப்பும் சக்தியில் எவ்வளவு வெளியே போகாமல் திரும்பி வருகிறது என்று காட்டும். ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றால் சந்தோஷம். மூன்றைத் தாண்டினால் நீங்கள் ரேடியோவுக்குச் சூடு காட்டுகிறீர்கள். என் முள் மூன்றரையில் உட்கார்ந்தது. சுருளைத் திருகினேன், கம்பியைக் குறைத்தேன், கூட்டினேன், கடைசியில் கெஞ்சினேன். ஒன்பதிலிருந்து பதினொன்றே கால் வரை மோர்ஸ் தட்டினேன். பதில் சொன்னது ஒரு செம்போத்து மட்டும். கண்ணை மூடினால் கோபுரம் தெரிந்தது, அதன் பாதி வழியில் கட்டிப்பிடித்தபடி நான் தெரிந்தேன்.

11.20க்குக் கொழுந்துச் சாக்குகளோடு பெண்கள் நிறுவைக்கு இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் அவர்களுடைய கங்காணி, புஷ்பராணி. என் வயது இருக்கும். குரல் மட்டும் என் பள்ளிக்கூட அதிபருடையது.

"யாருங்க இது, பாதையில கண்ணி வச்சிருக்கிறது?"

எழுந்து நின்று, நான் ஆசிரியர் என்றேன்.

"மாஸ்டரா? இருபது கிலோ சாக்கோட வர்ற புள்ள இதுல தடுக்கி விழுந்தா, நீங்க வந்து தூக்குவீங்களா? மொதல்ல எடுங்க."

"தரையிலதாங்க போடணும். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"புத்தகம் எழுதினவரு இந்த மலையில கொழுந்து எடுத்தாரா?" பின்னால் ஒரே சிரிப்பு. "தேயில மேல போடுங்க. இது நேத்து கொழுந்து எடுத்த மலை. ஒரு வாரத்துக்கு இங்க கை வைக்கமாட்டோம்."

சொன்னதோடு நிற்கவில்லை. கொழுந்து மட்டம் பார்க்க வைத்திருந்த மட்டக்கம்பால் வயர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, செடிகளின் தலைக்கு மேல் நேராக இழுத்துவிட்டார். வருடக் கணக்காக ஒரே மட்டத்தில் கிள்ளிக் கிள்ளி, அந்தச் செடிகள் இடுப்பளவு உயரத்தில் மேசை போல நிற்கின்றன. நான் கம்பியின் அடியையும் அதே உயரத்துக்குத் தூக்கிக் கட்டினேன், அவரிடமிருந்து தப்பினால் போதும் என்று.

முள்ளைப் பார்த்தேன். ஒன்று தசம் இரண்டு.

தரையில் கிடந்தபோது மண் தின்ற சக்தி, இரண்டரை அடி மேலே போனதும் வானத்துக்குப் போகத் தொடங்கிவிட்டது. மண் மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும் என்று பாடப்புத்தகப் படத்தோடு இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதைத் தயவுசெய்து என் பள்ளிக்கூடத்தில் யாரும் வாசிக்க வேண்டாம்.

11.41க்கு மோர்ஸில் அழைத்தேன். மூன்றாவது அழைப்புக்குப் பதில் வந்தது. மெல்லிய, சுத்தமான விசில் சத்தம். அவசரத்தில் என் பெயரையே இரண்டு முறை பிழையாக அடித்தேன். வந்த அழைப்புக் குறி ஜப்பானுடையது!

"யாரு மாஸ்டர் அது?"

"ஜப்பான்காரர்."

"என்ன சொல்றாரு?"

"நான் அனுப்புறது கேக்குதாம்."

புஷ்பராணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கா காலையிலயிருந்து உக்காந்திருக்கீங்க?"

பின்னாலிருந்து ஒருவர், "நம்ம தேயில குடிக்கிறாரான்னு கேளுங்க மாஸ்டர்" என்றார். கேட்டேன். பச்சைத் தேநீர்தான், சீனி போடுவதில்லை என்று பதில் வந்தது.

"சீனி போடாமயா? ஐயோ பாவம்" என்று அந்தச் சரிவு முழுவதும் ஜப்பானுக்காக வருத்தப்பட்டது.

11.47. பதிவுப் புத்தகத்தில் சாட்சி என்ற இடத்தில் புஷ்பராணி தன் பெயரை முழுதாக எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தார். நான் கல்லின் மேல் ஏறிக் கைகளை விரித்தேன். தலை சுற்றவில்லை. கல் ஒன்றரை அடி உயரம்.

போக நினைப்பவர்களுக்கு: தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள், அனுமதிப்பத்திரத்தின் பிரதி சட்டைப் பையிலேயே இருக்கட்டும், கம்பியையும் மோர்ஸையும் பார்த்தால் கேள்வி வரும். பனி காய ஒன்பதரை ஆகும். அட்டைக்கு உப்பு கொண்டுபோங்கள். நேற்று கொழுந்து எடுத்த மலை எது என்று கேட்டு அதில் மட்டும் வயர் போடுங்கள். இலையில் கை வைக்காதீர்கள். திரும்பும் ஓட்டோவுக்குக் காலையிலேயே சொல்லி வையுங்கள். நான் சொல்லவில்லை, ஐந்து கிலோமீற்றரும் நடந்தேன். ஜெயித்த கால்களுக்கு அது தூரமே இல்லை என்று எழுத ஆசை. இரண்டு நாள் நொண்டினேன்.

போன சனிக்கிழமை ரம்ஸி நானா வாக்கைக் காப்பாற்றினார். வளைவுகளில் என் பையைக் கட்டிப்பிடித்தபடி, கண்ணை மூடி ஓதிக்கொண்டே வந்தார். பைக்குள் என் கம்பிக்குப் பக்கத்தில், விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காத இன்னொரு நாலடிக் கம்பி இருந்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. மலை ஏறி மூச்சு வாங்கியபடி, எதிரே வந்த புஷ்பராணியிடம் அவர் பணிவாகக் கேட்டார்: "தங்கச்சி, வயர எங்க போடணும்?"

"மாஸ்டர்கிட்டக் கேளுங்க," என்றார் புஷ்பராணி, நிற்காமல் நடந்துகொண்டே. "இப்ப அவருக்குத் தெரியும்."